கிரிக் சாலையில் என் முதல் காட்டு யானை: படம் எப்படி, கருத்துச் சொல்லுங்கள்

செந்தூல்_லென்ஸ் (கோலாலம்பூர்), ஞாயிறு இரவு 10.12

வணக்கம். இரண்டு வருடமாக இங்கே எல்லாருடைய படங்களையும் பார்த்துவிட்டு ஓசைப்படாமல் போகிறவன் நான். இன்றுதான் முதல் முறையாக என் படங்களைப் போடுகிறேன்.

நேற்று மாலை, பேராக்கிலிருந்து கிளந்தானுக்குக் காட்டு வழியே போகும் கிரிக்–ஜெலி சாலையில், பண்டிங் ஏரியைத் தாண்டி ஜெலி பக்கம் போய்க்கொண்டிருந்தபோது சாலையோரப் புல்லில் ஒரு கொம்பன் நின்றது. காரை ஓரங்கட்டி இறங்கினேன். பானட் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு ஆறேழு படம் எடுத்தேன். இரண்டாவதாகப் போட்டிருப்பது பக்கவாட்டில் எடுத்தது; முதலில் இருப்பது கடைசியாக எடுத்த படம். காது இரண்டும் முறம் போல விரிந்து, தலை நிமிர்ந்து, நேராக லென்ஸைப் பார்க்கிறது. இதற்கு அடுத்த நொடி நாலைந்து எட்டு ஓடி வந்து நின்று மண்ணை உதைத்தது. நான் காரில் ஏறிக் கிளம்பிவிட்டேன்.

ஃபுல் ஃபிரேம் கேமரா, 70-200 லென்ஸ், 200-இல் வைத்து எடுத்தது. எஃப்/2.8, 1/640, ஐ.எஸ்.ஓ 3200. மாலை 6.50, மேகமூட்டம், மழை இல்லை. கிராப் செய்யவில்லை. யானை ஃபிரேம் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு வருகிறது.

முகம் கொஞ்சம் பூசினாற்போல் இருக்கிறது, தோலின் சுருக்கங்கள் நன்றாக விழவில்லை. லென்ஸில் கோளாறா, என்னிடம் கோளாறா?

கெப்போங்_ராஜா, ஞாயிறு இரவு 10.31

ப்ரோ, மயிர்க்கூச்செறிகிறது! போட்டிக்கு அனுப்புங்கள். கூர்மையை யார் பார்க்கப்போகிறார்கள்?

எஃப்_எட்டு (பினாங்கு, ஜெலுத்தோங்), ஞாயிறு இரவு 11.05

கோளாறு லென்ஸில் இல்லை. கே.எல்.-இலிருந்து ஏர்கோனை முழுதாக வைத்துக்கொண்டு வந்திருப்பீர்கள், சரியா? கேமரா பை பின் சீட்டில் ஐஸ் போலக் குளிர்ந்திருக்கும். அப்படியே கதவைத் திறந்து மழைக்காட்டுக் காற்றில் நீட்டினால் முன் கண்ணாடியில் மெல்லிய ஆவி படியும். வியூஃபைண்டரில் அது தெரியாது, வீட்டுக்கு வந்து கணினியில் பார்க்கும்போதுதான் தெரியும். கிரிக் தாண்டியதும் ஏர்கோனை அணைத்துவிட்டு ஜன்னலை இறக்கிவிடுங்கள். அரை மணி நேரம் வேர்க்கும், வேறு வழியில்லை.

இரண்டாவது, வெளிச்சம். யானை கறுப்பு, அதிலும் நம் காட்டு யானை ஈரச் சேற்றோடு நிற்கும்போது இன்னும் கறுப்பு. கேமரா அதைச் சாம்பல் ஆக்கப் பார்க்கும், நீங்களும் விட்டுவிட்டீர்கள். முக்கால் ஸ்டாப் வெளிச்சம் குறைத்திருந்தால் சுருக்கங்கள் அப்படியே நின்றிருக்கும், ஷட்டர் வேகமும் 1/1000 பக்கம் ஏறியிருக்கும்.

எவ்வளவு தூரத்தில் நின்று எடுத்தீர்கள்?

செந்தூல்_லென்ஸ், ஞாயிறு இரவு 11.14

ஏர்கோன் விஷயம் நூற்றுக்கு நூறு சரி அண்ணே. பதினெட்டில் வைத்திருந்தேன். தூரம் 60 மீட்டர் இருக்கும். பாதுகாப்பான தூரம்தான்.

எஃப்_எட்டு, ஞாயிறு இரவு 11.40

60 இல்லை தம்பி. கணக்குப் போட்டுப் பார்க்கலாம், படத்திலேயே எல்லாம் இருக்கிறது.

உங்கள் சென்சாரின் உயரம் 24 மி.மீ. அதில் மூன்றில் இரண்டு பங்கு என்றால் யானை 16 மி.மீ. உயரத்துக்கு விழுந்திருக்கிறது. தோள் உயரம் இரண்டரை மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். லென்ஸின் 200 மி.மீ.-ஐ இரண்டரையால் பெருக்கி 16-ஆல் வகுத்தால் 31 மீட்டர் வருகிறது. தலை நிமிர்ந்து நிற்கிறது, யானையும் கொஞ்சம் பெரியது என்று தாராளமாக எடுத்துக்கொண்டாலும் 40-ஐத் தாண்டாது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. தாய்லாந்தில் யானைகளை ஓடவிட்டு அளந்து 2003-இல் வெளியிட்ட ஆய்வில், வேகமாக ஓடிய யானை வினாடிக்கு 6.8 மீட்டர் ஓடியது. 31 மீட்டருக்கு நாலரை வினாடி. கேமராவை எடுத்துக்கொண்டு, பானட்டைச் சுற்றி வந்து, கதவைத் திறந்து, உட்கார்ந்து, மூடி, கியர் போட உங்களுக்கு எத்தனை வினாடி ஆகும்? உங்கள் வீட்டுக் கார் நிறுத்தத்தில் ஒரு முறை செய்து பாருங்கள். நான் செய்து பார்த்தேன். பதினொன்று.

பழைய_மண்டோர் (பட்டர்வொர்த்), திங்கள் காலை 6.20

தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள், வயதானவன் சொல்கிறேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கண்ணுக்கும் காதுக்கும் நடுவே இருந்து கறுப்பாக ஒரு கோடு கன்னத்தில் வழிந்து வாய் வரைக்கும் வருகிறதே, கவனித்தீர்களா? மழை இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அது மதநீர். இரண்டாவது படத்தில் பக்கவாட்டில் நிற்கிறது, அதில் பின்னங்கால்களின் உள்பக்கம் நனைந்து கறுத்திருக்கிறது. சிறுநீர் சொட்டிக்கொண்டே நடந்த யானை அது. மதத்தில் இருக்கும் களிறு. அதன் எதிரே போய் இறங்கி நின்றிருக்கிறீர்கள்.

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். அது கோயில் யானைக்குச் சரி. காட்டில் மணி கட்டி விடுவது யார்?

நான் பகாங்கில் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் பல வருடம் மண்டோராக, அதாவது வேலையாட்களின் மேற்பார்வையாளராக, இருந்தவன். எண்பதுகளில் பால்மரத்தை (ரப்பரை) வெட்டிவிட்டுச் செம்பனை நட்ட காலம். கன்று நட்ட மூன்றாம் மாதமே பெரியவர் வந்துவிடுவார். (நாங்கள் பெயர் சொல்ல மாட்டோம், பெரியவர் என்றுதான் சொல்வோம். பக்கத்துக் கிராமத்து மலாய்க்காரர்களும் ‘தோக்’ (பாட்டனார்) என்பார்களே தவிர யானை என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.) கன்றைத் தும்பிக்கையால் சுற்றி ஒரு இழு, நடுக்குருத்து மட்டும் வாய்க்குள், மீதி தரையில். ஒரு ராத்திரியில் நாலு வரிசை போய்விடும். விடிந்து பார்த்தால் முள்ளங்கி பிடுங்கிப் போட்ட மாதிரி கிடக்கும்.

மூங்கில் குழாயில் கார்பைட் போட்டு வெடிப்போம். முதல் வாரம் ஓடின. இரண்டாம் வாரம் நின்று கேட்டன. மூன்றாம் வாரம் வெடிக்கும்போது தலையைக்கூடத் தூக்கவில்லை, தின்றுகொண்டே இருந்தன. அப்போது ராத்திரி காவல் இருந்து இருந்துதான் அவற்றின் உடம்பைப் படிக்கக் கற்றேன். புத்தகப் படிப்பு இல்லை.

காதை விரித்து, தலையைத் தூக்கி, பிளிறிக்கொண்டு வந்தால் பெரும்பாலும் மிரட்டல். உன்னைவிட நான் பெரியவன், போய்விடு என்கிறது. காதைப் பின்னால் ஒட்டி, தும்பிக்கையை உள்ளே சுருட்டி, தலையைத் தாழ்த்தி, சத்தமே இல்லாமல் வந்தால் மிரட்டல் இல்லை. ஆனால் இதை வாய்ப்பாடாக வைத்துக்கொண்டு யாரும் காட்டுக்குப் போகாதீர்கள். பொய்யாக ஓடி வந்தது பாதி வழியில் மெய்யாக மாறியதை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் டிராக்டரின் மட்கார்டு அன்றைக்குப் போனதுதான்.

அது மண்ணை உதைத்தது என்று எழுதியிருக்கிறீர்கள். யானை மேயும்போதும் காலால் புல்லைச் செதுக்கும், பிடுங்கிய புல்லைக் காலில் தட்டி மண் போக்கும். அப்படிச் செய்துவிட்டுத் தின்றால் மேய்கிறது. தட்டிக்கொண்டே இருந்து வாயில் வைக்காமல் போட்டால், முன்னங்கால் ஒன்றை முன்னும் பின்னும் ஆட்டினால், போகவா வரவா என்று அதற்கே தீர்மானம் ஆகவில்லை என்று அர்த்தம். அந்த நேரம் நாம் இடத்தைக் காலி செய்துவிட வேண்டும்.

செந்தூல்_லென்ஸ், திங்கள் காலை 8.02

ஐயா சொல்வது புரிகிறது. ஆனால் எனக்கு ஒன்றும் ஆகவில்லையே? பின்னால் இன்னும் மூன்று கார்கள் நின்றன, ஒருவர் ஹாரன் வேறு அடித்தார். என்னைவிட அவர்கள்தான் தொந்தரவு. நான் படத்தின் கூர்மையைப் பற்றித்தான் கேட்டேன்.

எஃப்_எட்டு, திங்கள் காலை 8.15

மூன்று கார்கள் பின்னால் நின்றால் உங்களால் ரிவர்ஸ் எடுக்க முடியாது. அதையும் அந்த நாலரை வினாடியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ்_சிவா, திங்கள் பகல் 12.40

எல்லாரும் பையனைப் போட்டு வறுக்காதீர்கள் லா. என் பங்குக்கு ஒன்று சொல்கிறேன். 2025 மே 11, அன்னையர் தினம். இதே கிரிக்–ஜெலி சாலையில் லாரி மோதிக் குட்டி யானை செத்தது. குட்டி லாரிக்கு அடியில் சிக்கிக் கிடக்க, தாய் நகராமல் தலையை லாரியில் முட்டிக்கொண்டு நின்றதை யாரோ படம் எடுத்துப் போட்டார்கள். நாடு முழுக்க அழுதது. என் அம்மா மூன்று நாள் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். அதற்கு முன் யானை என்றால் செய்தியில் ‘பயிர் நாசம்’ என்று வரும், அவ்வளவுதான். படம் எடுக்காதே, கிட்டே போகாதே என்று சொல்லிக்கொண்டே இருந்தால் கே.எல். ஆட்களுக்கு யானை என்று ஒன்று இங்கே இருப்பதே தெரியாமல் போகும்.

மழைக்குருவி (பினாங்கு, ஆயர் ஈத்தாம்), திங்கள் மாலை 5.55

பள்ளி முடிந்து வந்து இழை முழுவதையும் படித்தேன். சிவா சொன்ன படத்தை நானும் பார்த்தேன். ஆனால் அதை எடுத்தவருக்காக அந்தத் தாய் அங்கே நிற்கவில்லை, அவர் இல்லாவிட்டாலும் நின்றிருக்கும். செந்தூல் தம்பியின் படத்தில் யானை செய்வதெல்லாம் தம்பிக்காகச் செய்வது. வேறுபாடு எனக்கு அங்கேதான்.

எங்கள் தீவில் யானை கிடையாது, லோத்தோங் குரங்கும் மலையணிலும்தான். அதனால் வருடத்துக்கு இரண்டு மூன்று முறை கூலிம், பாலிங் வழியாகக் கிரிக் போய் பண்டிங்கில் படகு ஏறுகிறேன். ஏழு வருடமாகப் போகிறேன், யானையை ஒழுங்காகப் பார்த்தது ஒன்பது முறை. என்னிடம் இருப்பது பழைய 300 மி.மீ. லென்ஸும் பள்ளிக்கூட நோட்டுப் புத்தகமும்.

யானை கண்ணில் பட்டதும் முதல் பத்து நிமிடம் கேமராவைத் தொட மாட்டேன். நோட்டில் மணியை எழுதி, அது என்ன செய்கிறது என்று எழுதுவேன். ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும். மேய்கிறது, நடக்கிறது, மண் பூசுகிறது, சும்மா நிற்கிறது, நம்மைப் பார்க்கிறது. இவ்வளவுதான் என் வகைகள். ‘மேய்கிறது, மேய்கிறது, மேய்கிறது’ என்று வரிசையாக வந்தால் நாம் இருப்பது அதற்கு ஒரு பொருட்டில்லை. ‘பார்க்கிறது’ என்று இரண்டு முறை தொடர்ந்து வந்துவிட்டால் படகைப் பின்னுக்கு எடுக்கச் சொல்லிவிடுவேன். படம் அப்புறம்.

ஒரு தடவை பார்த்ததைச் சொல்லிவிடுகிறேன். ஏரியில் நீர்மட்டம் இறங்கியிருந்தது. வெளியே தெரிந்த கரையில் இளம்புல். மூன்று பிடிகளும் இரண்டு கன்றுகளும். எஞ்சினை அணைத்துவிட்டு நூறு மீட்டருக்கு மேல் தள்ளி மிதந்துகொண்டிருந்தோம். எல்லாம் காதை விசிறிக்கொண்டே தின்றன. சட்டென்று மூத்த பிடியின் காது நின்றது. விசிறல் நின்று, பாதி விரிந்த நிலையில் அப்படியே. அடுத்த மூச்சில் மற்ற இரண்டும் நின்றன. வாயில் புல் தொங்குகிறது, மெல்லவில்லை. சின்னக் கன்று, யாரும் கூப்பிட்டதாகத் தெரியவில்லை, தாயின் வயிற்றுக்கு அடியில் போய் நின்றுகொண்டது. மூத்ததின் தும்பிக்கை மட்டும் மெதுவாக மேலே எழும்பி, நுனி நம் பக்கம் திரும்பி, அப்புறம் காட்டுப் பக்கம் திரும்பியது. என் காதுக்குத் தவளைச் சத்தத்தைத் தவிர வேறெதுவும் எட்டவில்லை.

அந்த அமைதியில் அவை பேசிக்கொண்டிருந்திருக்கலாம். 1984-இல் அமெரிக்காவில் போர்ட்லாந்து விலங்குக் காட்சிசாலையில் கேட்டி பெய்ன் என்ற அம்மையார் யானைக் கொட்டிலின் பக்கத்தில் நின்றபோது காற்றில் ஒரு துடிப்பை உணர்ந்தார். பதிவு செய்து பார்த்ததில், வினாடிக்கு 14 முதல் 24 அதிர்வு கொண்ட, மனிதக் காதுக்கு எட்டாத குரலில் ஆசிய யானைகள் கூப்பிட்டுக்கொள்வது தெரியவந்தது. யானைக்கூட்டம் ஒரே நொடியில் உறைவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த அம்மையார் ஞாபகம் வருவார்.

எங்களோடு வந்த வழிகாட்டி ஜஹாய் பழங்குடி இனத்தவர். அவர் யானையின் முகத்தைப் பார்க்கவே இல்லை, வாலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூத்த பிடியின் வால் விறைத்து உடம்பிலிருந்து விலகியதும் துடுப்பை எடுத்துவிட்டார். நாங்கள் முப்பது மீட்டர் பின்வாங்கியதும் காது மறுபடி விசிறத் தொடங்கியது. அந்த வால் இறங்கியதைத்தான் நான் படம் எடுத்தேன். வீட்டில் யாருக்கும் அந்தப் படம் புரியவில்லை.

கூடலூர்க்காரன் (கே.எல்., பங்சார்), திங்கள் இரவு 9.18

ஊர் நீலகிரி, வேலை இங்கே. எங்கள் ஊர்ப் பக்கம் யானை பார்ப்பது பஸ் பார்ப்பது மாதிரி. ஆனால் செந்தூல் தம்பி செய்த தவறை நானும் இங்கே வந்த புதிதில் செய்தேன், அதனால் எழுதுகிறேன்.

முதுமலையில் மார்ச், ஏப்ரலில் இலையெல்லாம் கொட்டிக் காடு திறந்து கிடக்கும். யானை இருநூறு மீட்டரில் இருந்தாலும் தெரியும். மெதுவாகத் தெரியும், மெதுவாகப் போகும், நமக்கு யோசிக்க நேரம் உண்டு. அதோடு அங்கே சாலையோர யானைகள் நாள் முழுக்க ஜீப்பையும் லாரியையும் பார்த்துப் பழகியவை. அந்தக் கண்ணோடு இங்கே வந்தால் மாட்டிக்கொள்வோம். கிரிக் பக்கத்துப் பெலும் காட்டில் பத்து மீட்டருக்கு அப்பால் பச்சைச் சுவர். சாலையோரத்தில் ஒன்று நிற்கிறது என்றால் சுவருக்குப் பின்னால் எத்தனை நிற்கின்றன என்று தெரியாது. சாலையின் இந்தப் பக்கம் தாய், அந்தப் பக்கம் கன்று, நடுவில் நாம் காரோடு. அப்படி ஒரு தடவை நின்றேன். அதற்குமேல் அதைப் பற்றி எழுத விருப்பமில்லை.

அப்புறம், சாலையோரத்துக்கு ஏன் வருகின்றன என்று நண்பர் ஒருவர் தனிமடலில் கேட்டார். 1982-இல் இந்தச் சாலை திறந்தபோது காட்டை இரண்டாகக் கிழித்துக்கொண்டு போனது. ஓரத்தில் மரம் போன இடத்தில் வெயில் விழுகிறது, வெயில் விழுந்தால் புல்லும் மூங்கிலும் வாழையும் வருகின்றன. அடர்காட்டுக்குள் யானைக்கு எட்டும் உயரத்தில் தீனி குறைவு, சாலையோரம் பந்தி விரித்த மாதிரி. நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் செமினி வளாகத்தில் 2011-இல் தொடங்கிய யானை ஆய்வுக் குழுவினர் யானைகளுக்கு ஜி.பி.எஸ். கழுத்துப்பட்டை கட்டிப் பார்த்ததில், ஓரத்துக்கு விரும்பி வரும் அதே யானைகள் சாலையைக் கடக்கத் தயங்குகின்றன, கடப்பதும் பெரும்பாலும் இரவில்தான் என்று தெரிந்தது. ஆக, ராத்திரியில் அங்கே 110-இல் பறக்கிறவர்கள் கொஞ்சம் யோசியுங்கள். கறுத்த யானை, கறுத்த தார், பனிமூட்டம். ஹெட்லைட்டில் கால் மட்டும்தான் முதலில் தெரியும், மரம் என்று நினைப்பீர்கள்.

நிறத்தைப் பற்றியும் ஒன்று. எங்கள் ஊர் யானை செம்மண் பூசிச் சிவப்பாக இருக்கும், கேமராவுக்கு எளிது. இங்குள்ளது கறுப்பு. எஃப்_எட்டு சொன்ன முக்கால் ஸ்டாப் கணக்கு இங்கே சரி, அங்கே சரிவராது.

கெப்போங்_ராஜா, திங்கள் இரவு 9.50

எனக்கு ஒரு சந்தேகம். பிள்ளையார் அம்சம்தானே, காரில் இருந்தபடியே வாழைப்பழச் சீப்பைப் போட்டால் என்ன? கிட்ட வரும், அமைதியாக நிற்கும், வைடு லென்ஸிலேயே எடுக்கலாம்.

பழைய_மண்டோர், செவ்வாய் காலை 5.58

ராஜா, ஒரு நாளைக்குச் சுமார் 150 கிலோ தின்கிற உயிருக்கு உங்கள் ஒரு சீப்பு பசியாறாகுமா? ஆனால் கார் நின்றால் பழம் விழும் என்று அது கற்றுக்கொள்ளும். அடுத்த வாரம் பழம் இல்லாத கார் ஒன்று நிற்கும், உள்ளே கைக்குழந்தை இருக்கும். அப்புறம் அந்த யானையைத் தொந்தரவு யானை என்று பிடித்து வேறு காட்டில் விடுவார்கள். 1974-லிருந்து வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தான் அப்படி இடம் மாற்றிக்கொண்டிருக்கிறது. கும்கியை இரண்டு பக்கமும் கட்டி லாரியில் ஏற்றுவதை நான் கண்ணால் பார்த்தேன். அன்று பிடித்த பெண் யானை ராத்திரி முழுக்க தோட்டத்துப் பக்கம் திரும்பியே நின்றது. பழம் வேண்டாம். கோயிலில் கொடுங்கள்.

கெப்போங்_ராஜா, செவ்வாய் காலை 7.30

சரி ஐயா. போடவில்லை.

மட்டுறுத்துநர், செவ்வாய் காலை 9.00

முதல் பதிவின் படங்களில் இடக்குறிப்பு அப்படியே இருந்தது, எந்தக் கிலோமீட்டர் கல் என்பதுகூடத் தெரிந்தது. நீக்கிவிட்டோம். யானை 2010 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முழுப் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள விலங்கு. தந்தம் உள்ள களிறு நிற்கும் இடத்தைப் பொதுவில் போட்டால் அதை யார் யார் பார்ப்பார்கள் என்று நமக்குத் தெரியாது. இனி யானைப் படம் போடுகிறவர்கள் ஜி.பி.எஸ். விவரத்தை நீக்கிவிட்டுப் போடுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ்_சிவா, செவ்வாய் காலை 9.22

இதை நான் யோசிக்கவே இல்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் சொன்னதையும் விடமாட்டேன், படம் வேண்டும்.

செந்தூல்_லென்ஸ், செவ்வாய் இரவு 11.47

நேற்று காலைக்குப் பிறகு பதில் எழுதவில்லை, மன்னிக்கவும். முதலில் கோபம்தான். நேற்று ராத்திரி எஃப்_எட்டு சொன்னதைச் செய்து பார்த்தேன். பிளாட் பார்க்கிங்கில், கையில் கேமராவோடு, தங்கையிடம் ஸ்டாப்வாட்ச் கொடுத்து. பதின்மூன்று வினாடி. தங்கை சிரிக்கவில்லை.

கன்னத்துக் கோட்டையும் பெரிதாக்கிப் பார்த்தேன். எடுக்கும்போது கொம்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அது கண்ணில் படவே இல்லை.

சரி, முறையாகப் பார்க்க வேண்டும் என்றால் எங்கே போவது? கையில் ஆயிரம் வெள்ளிக்குள் (ரிங்கிட்) இருக்கிறது. யானைக்குப் பிடிக்காத நிறம் ஏதாவது உண்டா, சிவப்புச் சட்டை போடக்கூடாது என்கிறார்களே?

எஃப்_எட்டு, புதன் காலை 8.10

சட்டையை விடுங்கள். யானையின் கண்ணில் நிறம் அறியும் கூம்புச் செல்கள் இரண்டு வகைதான். சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாத மனிதருக்குத் தெரிகிற மாதிரிதான் அதற்கும் தெரியும். சென்ட் அடிக்காதீர்கள், அது முக்கியம். ஃபிளாஷ் வேண்டாம், ஃபோகஸ் ‘பீப்’ ஒலியை அணைத்துவிடுங்கள், மின்னணு ஷட்டர் இருந்தால் அதில் வையுங்கள். டிரோன் கொண்டுபோகிற யோசனை இருந்தால் இப்போதே கைவிடுங்கள்.

மழைக்குருவி, புதன் மாலை 6.30

இடங்களைச் சொல்கிறேன், சுருக்கமாக. தாமான் நெகாரா தேசியப் பூங்காவில் ‘பும்புன்’ எனும் மறைவுக் குடில்கள் உண்டு, விலங்குகள் உப்பு நக்க வரும் உப்புக்கசிவைப் பார்த்தபடி இரவு தங்கலாம். நான் இரண்டு இரவு தங்கி ஒரு தாபிரையும் (பன்றி போன்ற உடலும் சிறு தும்பிக்கையும் உள்ள விலங்கு) ஏராளமான கொசுவையும் பார்த்தேன். அதற்காகவே போகலாம், யானைக்காகப் போகாதீர்கள். சபாவில் கினாபாத்தாங்கான் ஆற்றங்கரையில் படகிலிருந்து பார்க்க வாய்ப்பு அதிகம். அங்கே இருப்பது போர்னியோ யானை, கொஞ்சம் சிறியது, 2024-இல் அருகிவரும் விலங்கு என்று தனியாகப் பட்டியலில் சேர்த்தார்கள். ஆனால் உங்கள் ஆயிரம் வெள்ளி விமானத்துக்கும் தங்குவதற்குமே சரியாகப் போகும்.

ஆகவே பெலும்தான். அரச பெலும் பூங்காவுக்குள் போக முன்கூட்டியே அனுமதி எடுக்க வேண்டும், படகுக்காரர்களே எடுத்துத் தருவார்கள். போன் செய்து, யானை கட்டாயம் காட்டுவீர்களா என்று கேளுங்கள். கட்டாயம் என்று சொல்கிறவரை விட்டுவிடுங்கள். ஒருமுறை அப்படி ஒருவரிடம் மாட்டினேன். கன்றோடு நீந்திக்கொண்டிருந்த பிடியைச் சுற்றிச் சுற்றிப் படகை ஓட்டினார். தும்பிக்கை மட்டும் தண்ணீருக்கு மேலே, கன்று தாயின் மேல் ஏறப் பார்க்கிறது. படகில் இருந்த எல்லாரும் கைதட்டினார்கள். நான் கத்திய பிறகுதான் நிறுத்தினார். பணமும் திரும்பவில்லை.

கூடலூர்க்காரன், புதன் இரவு 10.05

100-400 லென்ஸை வாடகைக்கு எடுத்துப் போங்கள். வாங்காதீர்கள். கே.எல்.-இல் வார இறுதிக்குக் கிடைக்கும்.

செந்தூல்_லென்ஸ், நாலு வாரம் கழித்து, ஞாயிறு இரவு 9.35

போய் வந்தேன். மூன்று பகல், இரண்டு இரவு. 100-400 வாடகை, ஏர்கோன் இல்லாமல் கிரிக்கிலிருந்து பண்டிங் வரை, சட்டை பிழிந்தேன்.

முதல் நாள் ஒன்றும் இல்லை. இரண்டாம் நாள் காலை கரையில் காலடித் தடம், பச்சைச் சாணம், ஆவி பறந்தது. வழிகாட்டி உள்ளங்கையைச் சாணத்தின் மேல் பிடித்துப் பார்த்துவிட்டுப் படகுக்குத் திரும்பச் சொன்னார். ஈர மண்ணில் முன்னங்கால் தடம் வட்டமாக, மாவில் தட்டை அழுத்தி எடுத்த மாதிரி நன்றாகப் பதிந்திருந்தது. என்னிடம் டேப் இல்லை. கேமரா வாரைக் கழற்றிச் சுற்றி வைத்து, முடிகிற இடத்தில் பேனாவால் கோடு போட்டேன். வீட்டில் அளந்தால் 118 செ.மீ. முன்னங்கால் சுற்றளவு போல இரண்டு மடங்கு தோள் உயரம் என்று எங்கோ படித்திருக்கிறேன். 2.36 மீட்டர் வருகிறது. சரியா ஐயா?

அன்று மாலைதான் அது. நோட்டிலிருந்து அப்படியே:

6.05 நாலு யானை, கரையில், 120 மீட்டர் இருக்கும். மேய்கிறது.
6.10 மேய்கிறது. கன்று தாயின் வாயிலிருந்து புல்லை எடுக்கிறது.
6.15 மேய்கிறது. மூத்தது மண் பூசுகிறது.
6.20 மூத்தது பார்க்கிறது. காது நின்றது. நான் மூச்சு விடவில்லை.
6.25 மேய்கிறது!!
6.30 நடக்கிறது, காட்டுப் பக்கம்.
6.32 இல்லை.

27 நிமிடம். படம் பதினாலு. நல்ல படம் என்று பார்த்தால் எதுவும் தேறாது. முகம் தெரிகிற படம் இரண்டு, இரண்டிலும் புல் மறைக்கிறது. கூர்மையாக விழுந்தது கடைசிப் படம் ஒன்றுதான், மூத்தது காட்டுக்குள் நுழையும்போது எடுத்தது. முழுக்கப் பின்பக்கம். தங்கையிடம் காட்டினேன், “இதுக்கா எழுநூறு வெள்ளி?” என்றாள்.

கெப்போங்_ராஜா, ஞாயிறு இரவு 9.48

தங்கை சொல்வது நியாயம்தானே ப்ரோ.

பழைய_மண்டோர், திங்கள் காலை 6.05

இரண்டு மடங்குக் கணக்கு சரி தம்பி. ஆனால் ஈர மண்ணில் பாதம் விரியும், அதனால் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். நன்றாக வளர்ந்த பிடி.

அந்தப் பின்பக்கப் படத்தைப் போடுங்கள். வால் எவ்வளவு நீளம், முட்டிக்கு மேலா கீழா? நுனியில் முடி இரண்டு பக்கமும் இருக்கிறதா, ஒரு பக்கம் உதிர்ந்துவிட்டதா?

செந்தூல்_லென்ஸ், திங்கள் காலை 7.12

முட்டிக்குக் கீழே வருகிறது ஐயா. முடி ஒரு பக்கம் மட்டும்தான். நுனியில் சின்ன வளைவும் இருக்கிறது. வலது காதின் கீழ் ஓரத்தில் ஒரு கிழிசல், பின்னாலிருந்தே தெரிகிறது.

மழைக்குருவி, திங்கள் காலை 7.20

வளைவு இடப்பக்கமா? படத்தைப் போடுங்கள் தம்பி, சீக்கிரம். பள்ளிக்குக் கிளம்புவதற்குள் என் பழைய நோட்டை எடுத்து வைக்கிறேன்.